செருப்பைக் கையில் பிடித்தபடி

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு மடிப்பு என்று பெயர். ஒரு ஷிப்டில் இருநூறு படுக்கை விரிப்புகளை ஓரம் பிசகாமல் மடித்து அடுக்குகிறவளை வேறு என்னவென்று கூப்பிடுவார்கள்? வீட்டிலும் அதே கைதான். அடுப்பு துடைக்கிற கந்தல்கூட நாலாக மடிந்துதான் கிடக்கும். அவள் கைக்கு அடங்காதது மூன்று வயதுச் சின்னவன் ஒருவன்தான்.

புருஷன் லாரி ஓட்டுகிறார். குடும்பத்தைப் போனிலேயே நடத்துகிறார். விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வேன் தெருமுனைக்கு வரும். பிள்ளை பார்க்க ஆள் இல்லாமல் இந்த வருஷம் இரண்டு தடவை அதை விட்டாயிற்று. "இன்னொரு தடவை விட்டே, அப்புறம் உன் வீட்டுத் துணியை மட்டும் மடிச்சாப் போதும்" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

இதுவரை வந்த மூன்று பெண்களும் நின்றுவிட்டார்கள். ஒருத்திக்கு முதுகுவலி, ஒருத்திக்கு மாமியார், ஒருத்தி சொல்லாமலே. உண்மையான காரணம் ஒன்றுதான். காலையில் எழுந்ததும் ஒரு தடவை பாத்ரூம் போவதோடு சரி, அப்புறம் சின்னவன் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டான். அடக்கி அடக்கி வைத்துப் பாயிலும் சோபாவிலும் போய்விடுவான். டாக்டர் கொடுத்த மருந்தில் புட்டி காலியானதுதான் மிச்சம். ஆனால் அவள் லீவில் இருக்கும் நாட்களில் சமர்த்தாகத் தானே போய் வருவான். "புள்ளை உன்னை வெச்சு வாங்குதுடி" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரிப்பாள்.

நாலாவதாக ஐம்பது வயது அம்மாள் ஒருத்தி கிடைத்தாள். பிள்ளைகள் அத்தை என்று கூப்பிடட்டும் என்றாள். "ஆறு வீட்டுப் பிள்ளைங்களை ஆளாக்கினவ நான். மூத்திரத்துக்குப் பயந்தா இந்த வேலைக்கு வர முடியுமாம்மா?" திங்கட்கிழமை வருவதாகப் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிள்ளைகளைப் பழக்கிவைக்கலாம் என்று விளையாட்டாக ஆரம்பித்தாள். "நான்தான் புது அத்தை. யாரு அம்மா?"

"நான்தான் அம்மா" என்று ஆறு வயதுப் பெரியவள் கைப்பையை மாட்டிக்கொண்டாள். தம்பியின் மூக்கைத் துடைத்தாள். "அத்தைகிட்ட ஒழுங்கா இருக்கணும், தெரியுதா?" என்று விரலை ஆட்டினாள். எல்லாம் அச்சு அசலாக இருந்தது. மடிப்புக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கண்ணு, போய் ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடு. அம்மா இங்கயேதான் இருக்கேன்" என்று பெரியவள் தம்பியை அனுப்பினாள்.

சின்னவன் குதித்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போனான். பெரியவள் செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டாள். நுனிக்காலில் நடந்து, கீல் கிறீச்சிடாமல் வாசற்கதவைச் சற்றுத் தூக்கி இழுத்து, வெளியே போய்விட்டாள்.

சின்னவன் வந்து சுற்றிலும் பார்த்தான். "அம்மா போயிட்டாளா அத்தை?" என்றான். அழவில்லை. விளையாட்டில் அடுத்து அதுதான் வரும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

மடிப்பின் சிரிப்பு நின்றது. அழுகிற முகத்தைப் பார்த்துவிட்டுப் போக மனசு வராமல், முதல் ஆள் வந்த நாளிலிருந்து தினமும் அவள் இப்படித்தான் நழுவிக்கொண்டிருந்தாள். யார் கண்ணிலும் படவில்லை என்று வேறு நினைத்திருந்தாள். உள்ளே போய்விட்டு வந்தால் வெளியே இருக்கிறவர்கள் இருக்க மாட்டார்கள் என்பதைப் பிள்ளை கற்றுக்கொண்டிருக்கிறான். கற்றுக்கொடுத்தவள் அவளேதான்.

அவனை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இனிமே அம்மா சொல்லிட்டுத்தான் போவேன். நீ உள்ள போனா, வெளிய வர்ற வரைக்கும் இந்தக் கதவுகிட்டயே நிப்பேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

திங்கட்கிழமை அத்தை ஐந்தரைக்கே வந்துவிட்டாள். மடிப்பு சின்னவன் முன்னால் உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, "அம்மா வேலைக்குப் போயிட்டு வரேன்" என்றாள். அவன் அவள் காலைக் கட்டிக்கொண்டு வீறிட்டான். அத்தை பொம்மையை ஆட்டினாள், காக்காயைக் காட்டினாள். பிரிக்கப் போன கையைக் கடித்தான். தெருமுனையில் ஹாரன் கேட்டது.

"விடுடா. வேன் போயிடும்டா."

"போகாத."

பல் துலக்கிக்கொண்டிருந்த பெரியவள் வாயில் நுரையோடு வந்தாள். "உனக்கு ஒண்ணுக்கு முட்டுது பாரு குட்டி. வா. அம்மாதான் கதவுகிட்டயே நிப்பாளே, நேத்து சத்தியம் பண்ணாளே."

அவன் அண்ணாந்து பார்த்தான். "நிப்பியா?"

இரண்டாவது ஹாரன்.

"நிப்பேன்" என்றாள்.

பிடி தளர்ந்தது. பெரியவள் அவனை உள்ளே கூட்டிப் போனாள். கதவைச் சாத்துமுன் அம்மாவைத் திரும்பிப் பார்த்து, மோவாயால் செருப்பைக் காட்டினாள்.

மடிப்பு மாடிப்படியில் இறங்கும்போதும் உள்ளிருந்து குரல் கேட்டது. "அம்மா, இருக்கியா?"

"இருக்கா, இருக்கா. நீ போ."

வேன் கிடைத்துவிட்டது. அன்றைக்கும் இருநூறு விரிப்புகள். ஓரம் பிசகவில்லை.

சாயங்காலம் வந்தபோது கொடியில் மூன்று டிராயர்கள் காய்ந்துகொண்டிருந்தன. அத்தை பையோடு தயாராக நின்றாள்.

"இந்த வாரம் முடியறவரைக்கும் வரேன்மா. அதுக்குள்ள வேற ஆளைப் பாத்துக்குங்க."

"பயப்பட மாட்டேன்னீங்களே அத்தை."

"மூத்திரத்துக்கா? அதைத் துடைச்சிட்டுப் போறேன்." அத்தை குரலைத் தாழ்த்தினாள். "காலையில வெளிய வந்து பாத்தான். சத்தமே போடலை. அப்புறம் பொழுதுக்கும் அந்தக் கதவுகிட்டயே உக்காந்திருந்தான். அக்கா ஸ்கூலுக்குப் போறப்பகூடத் திரும்பலை. இந்த வயசுல இதெல்லாம் என்னால பாக்க முடியாதும்மா."

அவள் போன பிறகு, சின்னவன் தானாக எழுந்து பாத்ரூமுக்குப் போனான். மடிப்பு ஓடிப்போய்க் கதவருகே நின்றாள்.

"அம்மா, இருக்கியா?"

"இருக்கேன்டா கண்ணு."

கதவு திறந்தது. டிராயரை முழங்காலில் பிடித்துக்கொண்டு வந்து அவளைப் பார்த்தான். உள்ளே போனான். மறுபடி கேட்டான். மறுபடி சொன்னாள். மறுபடி வந்து பார்த்தான்.

மூன்றாவது தடவை அவன் கேட்கவில்லை. கதவைத் திறந்துகொண்டு வந்தான். டிராயரை மேலே இழுத்து விட்டுக்கொண்டு அம்மாவைத் தாண்டிப் போய், "எனக்கு வரலை" என்று பாடம் எழுதிக்கொண்டிருந்த அக்காவிடம் சொன்னான்.