கடிவாளத்தை இழுத்தவர்

நான் எழுதிக்கொண்டிருந்த நாவலில் ஒரு குதிரைப் பந்தயம் வருகிறது. பந்தயத்தை நேரில் பார்த்தே அறியாத நான், உத்திரமேரூர் பக்கத்து ஊரில் ஒரு பழைய ஜாக்கி இருப்பதாகக் கேள்விப்பட்டுத் தேடிப் போனேன். இப்போது கோழிப்பண்ணை வைத்திருக்கிறார். குள்ளமான, ஒல்லியான மனிதர், அறுபது வயதிருக்கும். பேசும்போதெல்லாம் பக்கத்தில் நின்ற மொபெட்டின் சீட்டைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார்.

"கடைசி வளைவுல ஒரு ஜாக்கி என்னங்க நினைப்பாரு?" என்று கேட்டேன்.

"அத்த ஏன் சார் கேக்குற? என் கடைசி பந்தயத்துல குதிரை நல்லாத்தான் ஓடிக்கினு இருந்துச்சு. திடீர்னு முன்னங்கால் நொண்டுற மாதிரி தோணுச்சு. கடிவாளத்த இழுத்துட்டேன். துட்டு வாங்கிக்கினு தோக்க வச்சேன்னு லைசென்ஸ புடுங்கிட்டாங்க."

"நிஜமாவே கால்ல அடியா?"

"குதிரை டாக்டர் பாத்துட்டு ஒண்ணுமே இல்லன்னுட்டாரு. அடுத்த பந்தயத்துல வேற ஆளு ஏறி, அதே குதிரை ஜெயிச்சிடுச்சு. அதுக்கு வலிச்சுதா, எனக்குத்தான் பயம் வந்துடுச்சா, இன்னி வரைக்கும் புரியல."

சீட்டைத் தட்டுவதை நிறுத்திவிட்டு, "நீ கதை எயுதுற ஆளாச்சே. நீயே சொல்லு சார், அது இன்னா?" என்றார்.

அவர் கேலி செய்யவில்லை. பதில் என்னிடம் இருக்கும் என்று நம்பித்தான் கேட்டார்.

அந்த அத்தியாயம் இன்னும் முடியவில்லை. என் ஜாக்கியும் கடிவாளத்தை இழுத்துவிட்டான். ஏன் இழுத்தான் என்பதற்குத் தினமும் ஒரு காரணம் எழுதுகிறேன், அவர் முகம் நினைவுக்கு வந்ததும் அடித்துவிடுகிறேன்.