ஃப்ளாப்பியில் ஒட்டிய பொட்டு

கைப்பேசியில் எதையாவது டவுன்லோட் செய்வதற்கு முன், எங்கிருந்து வருகிறது, யார் செய்தது என்று துருவித் துருவிப் பார்ப்பேன். மகள் சிரிப்பாள். சிரிக்கட்டும். என் தோளுக்குப் பின்னால் ஒரு அக்கா நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்கு எங்கே தெரியும்?

1991-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். எல்லாருடைய வருகைப் பதிவும் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது. நகல் ஒரே ஒரு ஃப்ளாப்பியில், என் பொறுப்பில். கம்ப்யூட்டர் வந்த ஜோரில் பழைய வருகை அட்டைகளைக் குப்பையில் போட்டுவிட்டார்கள்.

பென்னலூரிலிருந்து வரும் ஒரு அக்காவுக்கு, பாகங்கள் பூட்டும் லைனில் தற்காலிக வேலை. இரண்டு வருஷ வருகையைக் காட்டினால் நிரந்தரம். பதிவு பத்திரமாக இருக்கிறதா என்று அடிக்கடி வந்து கேட்பாள். ஒருநாள் ஃப்ளாப்பியின் ஓரத்தில் இருக்கும் சின்ன வெட்டை மூட ஸ்டிக்கர் தேடிக்கொண்டிருந்தேன். அதை மூடிவிட்டால் உள்ளே வேறெதுவும் ஏறாது என்றேன். உடனே நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து நீட்டினாள்.

“இத்த ஒட்டும்மா. என் ரெண்டு வருசமும் இதுக்குள்ளதான கீது?”

அந்த வாரமே பூந்தமல்லியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திய சிநேகிதி புதிதாக ஒரு விளையாட்டைக் காட்டினாள். யாரோ கொடுத்ததாம். ஓசியில் கிடைத்தால் எனக்குக் கண்மண் தெரியாது. காலி ஃப்ளாப்பி இல்லை. பையில் கம்பெனி ஃப்ளாப்பி இருந்தது. பொட்டை உரித்து அவள் மேஜை ஓரத்தில் ஒட்டிவிட்டு, விளையாட்டை ஏற்றிக்கொண்டேன். பொட்டை அங்கேயே மறந்துவிட்டேன்.

மறுநாள் ஆபீசில் விளையாடினேன். மூன்றாம் நாள் பதிவைத் திறந்தால் ஒரு பெயர்கூட இல்லை, வெறும் குப்பை எழுத்துகள். ஃப்ளாப்பியிலும் அப்படியே. சென்னையிலிருந்து வந்து பார்த்தவர் வைரஸ் என்றார். வெளி ஃப்ளாப்பி ஏதாவது போட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஆதாரம் இல்லாததால் முதல் நாளிலிருந்து மறுபடி எண்ண வேண்டும் என்று மேனேஜர் அக்காவிடம் சொல்லிவிட்டார். அவள் நேராக என்னிடம் வந்தாள். அழுதுகொண்டிருந்தது நான்தான்.

“அழாதம்மா. மிசினு கெட்டுப்போனா நீ இன்னா பண்ணுவ?”

மேஜையில் கிடந்த ஃப்ளாப்பியை எடுத்து ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

“பொட்டு எங்கம்மா?”

“தானா வுழுந்துடுச்சுக்கா.”

நம்பினாள். நெற்றியிலிருந்ததை எடுத்து அதே இடத்தில் அழுத்தி ஒட்டிவிட்டு லைனுக்குப் போனாள்.