மகள் மடியில் உட்கார்ந்த முகூர்த்தம்

ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் இனி புற்று இல்லை என்று டாக்டர் சொன்னதும் என் மனைவி அழுதேவிட்டாள். அந்த நல்ல செய்தியை நான் கழிவறையிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் கேட்டேன்.

பெருங்குடலின் அடிப்பகுதியை வெட்டி எடுத்ததிலிருந்து எனக்கு மலம் அடங்கவில்லை. இருமினால் கசிவு, குனிந்தால் கசிவு. உயிர் பிழைத்தவன் இதற்கெல்லாம் புலம்பலாமா என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். கோயிலுக்குப் போவதை விட்டேன். மந்தைவெளி மார்க்கெட்டோடு என் உலகம் முடிந்துபோனது.

அந்தச் சமயம் பார்த்து மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் வழக்கப்படி தாலி கட்டும்போது பெண் அப்பாவின் மடியில் உட்கார வேண்டும். பட்டும் நகையும் மாலையுமாக அவள் கனம் முழுவதும் என் வயிற்றில் அழுந்தும். சபை நடுவில் வேஷ்டி நனைந்தால்? நினைக்கும்போதே உடம்பு கூசியது.

"சித்தப்பா மடியில உக்காரட்டுமே," என்றேன்.

மனைவி முறைத்தாள். "நீங்க இருக்கறச்சே இன்னொருத்தர் மடி எதுக்கு? முதல்ல டாக்டர்ட்ட வாயைத் திறந்து சொல்லுங்கோ."

சொன்னேன். "இதுக்கு வைத்தியம் இருக்கே சார், ஏன் இத்தனை நாளா சொல்லல?" என்றார் டாக்டர். அவரும்தான் கேட்கவில்லை. எரிச்சலாக வந்தது, ஆனாலும் மனசு லேசாகிவிட்டது. அடையாறில் பிசியோதெரபி செய்யும் ஒரு பெண்ணிடம் அனுப்பினார். ஆசனவாய்த் தசையை இறுக்கிப் பிடித்துப் பிறகு தளர்த்துவதற்கு அவள் பழக்கினாள். பஸ்ஸுக்கு நிற்கும்போதும் டிவியில் செய்தி கேட்கும்போதும் அதே வேலையாக இருந்தேன். மலம் இறுகுவதற்காகத் தினமும் இசப்கோல் உமியைக் கரைத்துக் குடித்தேன். மூன்று வேளைக் காபி ஒன்றாகச் சுருங்கியது. மயிலாப்பூர்க்காரனுக்கு ஆபரேஷனைவிடக் கொடுமை அதுதான்.

மாதங்கள் போகப் போகக் கசிவு குறைந்தது. ஒருநாள் மனைவி அரிசி மூட்டையை இழுத்து வந்து என் மடியில் ஏற்றிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. "பொண்ணு இதைவிட ரெண்டு பங்கு கனம்," என்றேன். நம்பிக்கை வரவில்லை எனக்கு.

முகூர்த்தத்தன்று டாக்டர் கொடுத்திருந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பஞ்சகச்சத்துக்குள் ஒரு பேடும் வைத்துக்கொண்டு, மேடையில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். மகள் வந்து மடியில் அமர்ந்தாள். கனமே தெரியவில்லை. குனிந்து பார்த்தேன். இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி, தன் பாரத்தைத் தானே தாங்கிக்கொண்டிருந்தாள். கால்கள் நடுங்கின. இந்த நோவைப் பற்றி அவளிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"யாருடி சொன்னா நோக்கு?"

"ஒரே ஆத்துலதானேப்பா இருக்கேன். பேசாம இரு."

"காலை எடு. நன்னா உக்காரு," என்றேன்.

"நிஜமாவா?"

"உக்காருடி."

கெட்டிமேளம் முழங்கியது. மெல்லக் கால்களைத் தளர்த்தினாள். முழுக் கனமும் என் மேல் இறங்கியது. தசையை இறுக்கிப் பிடித்தேன். பிடி நழுவவில்லை. மாப்பிள்ளை முடிச்சுப் போட்டார், அட்சதை விழுந்தது. எனக்கோ வேஷ்டி நனையாமலிருந்ததில்தான் பரம சந்தோஷம்.

மகள் எழப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன அவசரம்? இன்னும் செத்த நாழி உக்காந்திரு."