நான் எரித்த துண்டுகள்

கிளிநொச்சிப் பக்கம், குருமார் நடத்தும் சின்னக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் நான் காவலாளி. அங்குள்ள கோயிலைக் கூட்டுவதும் நான்தான். கோயிலில் மன்றாட்டுப் பெட்டி இருக்கிறது. படிக்கிற பிள்ளைகள் கடவுளிடம் கேட்டு எழுதிப் போடும் துண்டுகளை ஒருவரும் வாசிப்பதில்லை. பூசை முடிய எரிப்பது வழக்கம்.

புதிதாக வந்த பணிப்பாளர் பாதர் கோயில் வாசலில் இன்னொரு பெட்டி வைத்தார். அதுவும் மன்றாட்டு என்று நினைத்து, நிறைந்ததும் துண்டுகளை எரித்துவிட்டேன்.

அடுத்த நாள் பாதர் எல்லோரையும் கூட்டினார்.

"குறையளை எழுதிப் போடச் சொன்னனான். பெட்டி வெறுமை. ஒரு குறையும் இல்லையோ?"

"போட்டனாங்கள் பாதர். ஆரோ எடுத்துப்போட்டினம்," என்றான் ஒருவன். பிள்ளைகள் விரிவுரையாளர்கள் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் பழி விரிவுரையாளர்களுக்கு. பிள்ளைகளும் இனி எழுதமாட்டார்கள்.

எழும்பினேன். "நான்தான் எரிச்சனான் பாதர். மன்றாட்டு எண்டு நினைச்சிட்டன்."

ஒரு பிள்ளை, "அப்ப கடவுளிட்டப் போயிட்டுது பாதர், உங்களுக்குத்தான் வரேல்லை," என்றாள். பாதரே சிரித்துவிட்டார்.

"சரி, இப்ப வாயால சொல்லுங்கோ."

அவளே தொடங்கினாள். "காவல் அண்ணை ஆறு மணிக்கே நூலகத்தைப் பூட்டிப்போட்டு எங்களை வெளியில விடுறார். பஸ் ஏழு மணிக்குத்தான். இருட்டுக்க றோட்டில நிக்கப் பயமாக் கிடக்கு."

வேலை போகவில்லை. எரித்ததற்குப் பாதரிடம் மன்னிப்புக் கேட்டேன். இருட்டில் விட்டதற்கு அந்தப் பிள்ளையிடம் இன்னும் கேட்கவில்லை. முகத்துக்கு நேரே வாய் வராது. அதுதான் எழுதுகிறேன்.