செய்முறைத் தேர்வுக்கு ஒரு மிருதங்கக்காரர்

மகளைக் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு வந்த வருஷம் நான் அஞ்சல்வழியில் எம்.ஏ. இசை சேர்ந்தேன். கோவில்பட்டியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை. இசைப் பட்டத்தால் அங்கே எந்த உபயோகமும் இல்லை என்று தெரிந்தேதான் சேர்ந்தேன். சின்ன வயதில் பாதியில் விட்ட பாட்டு, அவ்வளவுதான் காரணம். எழுத்துத் தேர்வுகளில் சிரமம் இல்லை. இசையைப் பற்றி எழுதுவதற்கு இசை தேவைப்படவில்லை. கடைசியில் செய்முறைத் தேர்வு வந்தது. அதில் மட்டும் பாடித்தான் ஆகவேண்டும் என்றார்கள்.

சென்னையில் இருந்த ஓர் அம்மாள் வீடியோ காலில் சொல்லிக்கொடுத்தார். நான் போடும் தாளம் எங்கள் தெரு நெட்வொர்க்கில் ஏறி அவருக்குப் போய்ச் சேர்வதற்குள் அடுத்த அடி வந்துவிடும். "தாளம் பின்னாடி நிக்குதே" என்பார். எனக்கு அவர்தான் பின்னால் நிற்பதாகத் தெரியும். மாதக்கணக்கில் இருவரும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டோம்.

சாதகம் செய்ய விடியற்காலைதான் நேரம். எதிர்வீட்டுக்கு அடுத்தது மாவு மில். மிளகாய் சீசனில் விளாத்திகுளம் பக்கத்து வற்றலையெல்லாம் மூட்டை மூட்டையாக விடியுமுன்பே அங்கே அரைக்கத் தொடங்கிவிடுவார்கள். மில் மோட்டாருக்கும் ஒரு சுருதி உண்டு. என்னுடையதைவிடக் கொஞ்சம் மேலே. நான் போனில் தம்புரா ஆப்பைப் போட்டுக்கொண்டு உட்காருவேன். வர்ணம் முடிவதற்குள் நான் மோட்டாரோடு சேர்ந்திருப்பேன். இடையிடையே நெடி ஏறி இருமல் வரும். அந்த இருமல் மட்டும் தாளத்தில் சரியாக விழும்.

ஒருநாள் தோடி ராகம் பாடிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா ஒரு டம்ளரில் சுக்குக் காப்பியோடு வந்து நின்றார்கள். முகம் வாடியிருந்தது.

"டீச்சர், சார்வாள் ஏதும் சொன்னாவளா?"

"இல்லையே அக்கா. ஏன்?"

"ரெண்டு நாளா கேக்கேன். காலம்பற எந்திரிச்சு இப்படி அழுவுதீங்க. மனசுல வச்சுக்கிடாதீங்க, எங்கிட்டச் சொல்லுங்க."

இது ராகம் என்று விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "சரி, சொல்ல இஷ்டமில்லன்னா விடுங்க" என்று காப்பியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரைத் தெருவில் நாலு பேர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்களாம். அவர் வந்து, "சந்தோசமான ராகம் எதுவும் சிலபஸ்ல இல்லையா?" என்று கேட்டார்.

தேர்வு அறிவிப்பில் ஒரு வரி இருந்தது. பக்கவாத்தியக்காரரை மாணவரே அழைத்துவர வேண்டும். கோவில்பட்டியில் விசாரித்ததில் எல்லோரும் ஒருவரையே கைகாட்டினார்கள். சவுண்ட் சர்வீஸ் கடை வைத்திருந்த ஓர் அண்ணாச்சி. கோயில் கொடை, சர்ச் அசன விருந்து, கட்சிக் கூட்டம், எதுவானாலும் ஸ்பீக்கர் கட்டுவார். பாட்டுக்குழு வந்தால் அவரே ஏறி மிருதங்கமும் வாசிப்பார். புதூரிலிருந்து குளத்தூர் வரைக்கும் அவர் கை படாத மேடை இல்லை என்று அவரே சொன்னார்.

ஒத்திகைக்கு எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தார். மைதானத்தில் வாசித்துப் பழகிய கை. முதல் அடியில் அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

"கொஞ்சம் மெதுவா வாசிங்க அண்ணாச்சி. நான் பாடுறது எனக்கே கேக்கல."

"நீங்க சத்தமாப் பாடுங்க டீச்சர். சரி, தனி ஆவர்த்தனம் எந்தப் பாட்டுக்கு அப்புறம்?"

"தனியெல்லாம் கிடையாது. இது கச்சேரி இல்ல, பரீட்சை."

"ரெண்டும் ஒண்ணுதான். எதுத்தாப்புல உக்காந்து கேக்க ஆளு இருக்குல்லா?"



தேர்வு நாளன்று இரண்டு பஸ் மாறி, மிருதங்கத்துக்கும் சீட்டுப் பிடித்து, பல்கலைக்கழகம் போய்ச் சேர்ந்தோம். எங்கள் முறை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தது. தேர்வாளர்கள் இருவர். அந்தப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை ஒருவர், வெளியூரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர். இருவர் கண்ணிலும் சாப்பாட்டு மயக்கம் தெரிந்தது.

"கோவில்பட்டியா? கடலைமிட்டாய் கொண்டுவரலயாம்மா?" என்றார் பெரியவர்.

இல்லை என்றேன். முதல் கேள்விக்கே பதில் தப்பாகிவிட்டது போலிருந்தது.

வர்ணம் ஆரம்பித்தேன். இரண்டாவது வரியில் "போதும்" என்றார் பேராசிரியை. கீர்த்தனையில் பல்லவி முடியவில்லை, "போதும்." மாதக்கணக்கில் மில்லோடு சண்டை போட்டுக் கற்றதெல்லாம் இரண்டு போதும்களில் முடிந்தது. "கல்யாணி ராகம் கொஞ்சம் பாடுங்க" என்றார் பெரியவர். நான் தொடங்கியதும் அவர் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்துக்கொண்டே, "பாடுங்கம்மா, கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்று கைகாட்டினார். மறுமுனையில் மண்டபம், பந்தி, மாப்பிள்ளை வீட்டார் என்று பேச்சு ஓடியது. பேராசிரியை குனிந்து மார்க் ஷீட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

முதலில் கோபம் வந்தது. பிறகு ஒருவிதமான நிம்மதி வந்தது. யாரும் கேட்கவில்லை. மில் இல்லை, நெடி இல்லை, நெட்வொர்க் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு பாடினேன். மேல் ஷட்ஜத்தில் போய் நின்றபோது அது அசையாமல் நின்றது. வீட்டில் ஒருநாளும் அப்படி நின்றதில்லை. எவ்வளவு நேரம் பாடினேன் என்று தெரியவில்லை. நிறுத்தச் சொல்லவும் ஆளில்லை. நானாகவே முடித்தேன்.

அந்த அமைதியை அண்ணாச்சி தனக்கான இடம் என்று எடுத்துக்கொண்டார். தனி ஆவர்த்தனம் ஆரம்பமாகிவிட்டது.

அறையின் ஜன்னல்கள் அதிர்ந்தன. பெரியவர் போனை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பேராசிரியை பேனாவைக் கீழே போட்டுவிட்டுத் தாளம் போட்டார். பக்கத்து அறை மாணவர்கள் வாசலில் வந்து நின்றார்கள். "போதும்" என்ற சொல்லை இருவருமே மறந்திருந்தார்கள். கடைசி அடி விழுந்ததும் பெரியவர், "ரொம்ப நல்ல கை. எந்த ஊர் நீங்க?" என்று கேட்டார். சற்று முன் கடலைமிட்டாய் கேட்ட ஊர் அதற்குள் அவருக்கு மறந்துபோயிருந்தது.

அடுத்த மாதம் பெரியவர் மகளுக்குக் கல்யாணமாம். வரவேற்புக்குக் கச்சேரி வேண்டும், ஸ்பீக்கரும் வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்ததில் அவருக்குப் பெரிய ஆறுதல். அங்கேயே நம்பர் மாற்றிக்கொண்டார்கள். நான் பாயில் உட்கார்ந்தபடி இருந்ததைப் பேராசிரியைதான் கவனித்தார். "நீங்க போலாம்மா" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அண்ணாச்சி உற்சாகமாக இருந்தார்.

"பாடுறதுக்கும் ஒரு ஆளு பாத்துத் தரச் சொல்லுதாவ டீச்சர். உங்களச் சொல்லட்டுமா?"

"நான் பாடினத அவிய கேக்கவே இல்லையே அண்ணாச்சி."

"அதனாலதான் கேக்கேன். கேட்டிருந்தா அவியளே உங்களக் கூப்பிட்டிருப்பாவ."

அவர் என்னைப் புகழ்ந்தாரா, சமாதானப்படுத்தினாரா என்று தெரியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டேன். வெளியே உழுது போட்ட கரிசல் காய்ந்து கிடந்தது.

முதல் வகுப்பில் தேறினேன். செய்முறையில்தான் அதிக மதிப்பெண். செய்தி பள்ளிக்கும் எட்டியது. தாளாளர் கூப்பிட்டனுப்பி வாழ்த்தினார். சால்வை கூடப் போர்த்தினார். பிறகு சொன்னார்:

"ஆண்டு விழா வருதுல்லா டீச்சர். மியூசிக் படிச்சவிய நீங்க. பிள்ளைகளுக்கு டான்ஸ் நீங்களே சொல்லிக் குடுத்திருங்க."

எனக்கு ஆடத் தெரியாது என்றேன். அதற்கும் அஞ்சல்வழியில் படிப்பு இருக்கிறதாமே என்றார் அவர்.