ஏசி அறையில் போட்ட திட்டம்

எங்கள் பால் கம்பெனிக்கு ஐந்தாண்டுக் கம்ப்யூட்டர் திட்டம் வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை வந்தது. தப்பில்லை. சென்னையிலிருந்து ஆலோசகர்கள் வந்தார்கள். புதுக்கோட்டை ஆபீஸின் ஏசி அறையில் முதலாளியோடு பிரியாணி சாப்பிட்டார்கள், கணக்குப் பிரிவில் பேசினார்கள், போய்விட்டார்கள். அன்னவாசல் பக்கமோ கறம்பக்குடி பக்கமோ மாடு வைத்திருப்பவர்கள் பால் கொண்டுவந்து ஊற்றும் ஒரு சென்டரைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் என்னிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

ஐந்தாண்டுக்கும் பக்கம் பக்கமாகத் திட்டம் வந்தது. அதில் முதல் வேலை இது: பால் ஊற்ற வருபவரின் செல்போனுக்கு ஓடிபி போகும். அதைச் சொன்னால்தான் பாலை அளப்பார்கள். சரிபார்த்ததாக நான் கையெழுத்துப் போட்டால் எல்லா சென்டரிலும் தொடங்கிவிடும்.

நான் போடவில்லை. எங்கள் பக்கம் வீட்டு நம்பர் என்று கொடுப்பது பெரும்பாலும் துபாயில் இருக்கும் மகனின் நம்பர். பேங்க் மெசேஜ் வர வேண்டுமே என்று அந்த சிம்மை அவன் கையோடு கொண்டுபோயிருப்பான். இதெல்லாம் ஏசி அறைக்குள் எப்படித் தெரியும்?

"பெரிய படிப்புப் படிச்சவங்க போட்ட திட்டம்மா. நீ கையெழுத்துப் போடலேன்னா வேற ஆளப் பாத்துக்கிருவேன்" என்றார் முதலாளி.

வீட்டில் சம்பளம் வாங்குவது நான் ஒருத்திதான். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது.

"பாத்துக்கங்கய்யா. அதுக்கு முன்னாடி ஒரு சென்டர்ல மட்டும் ஓட்டிப் பாப்போம். நீங்களும் வாங்க."

என்ன நினைத்தாரோ, வந்தார். அன்னவாசலுக்குப் பக்கத்துச் சென்டரில், விடிந்தும் விடியாத நேரத்தில், வரிசையில் முதலில் நின்ற அம்மாவின் பெயரைக் கம்ப்யூட்டரில் தட்டினோம். கொஞ்ச நேரத்தில் அவருடைய பட்டன் போன் அடித்தது. துபாயிலிருந்து மகன். தூக்கக் கலக்கத்தில் அவன் போட்ட சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"ஆத்தா, எனக்கு ஓடிபி வந்திருக்கு. எவனோ நம்ம பேங்க்ல கை வைக்கப் பாக்குறான். யாரு என்ன கேட்டாலும் சொல்லிறாத."

அந்த அம்மா போனை வைத்துவிட்டு முதலாளியை ஏற இறங்கப் பார்த்தார். "நான் அங்கிட்டே ஊத்திக்கிறேன்" என்று தூக்குவாளியோடு எதிரே நின்ற வேறு கம்பெனி வண்டிக்குப் போனார். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக அவர் பின்னால் நகர்ந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதலாளியும் பால் ஊற்றுகிறவர்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, யாருக்காக, எதற்காக என்று பேசிவிட்டுத் திட்டம் போட்டிருந்தால் இந்தக் கூத்தே நடந்திருக்காது. எந்தக் கம்ப்யூட்டர், எந்த ஆப் என்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொண்டிருக்கலாம்.

முதலாளி காலி பால் கேனைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். "சரிம்மா, அந்த ஓடிபிய மட்டும் எடுத்துரச் சொல்றேன். மிச்சத்துக்குக் கையெழுத்துப் போட்டுரு. ஒன் வேலைக்கு ஒண்ணும் வராது."

"மிச்சத்தையும் பால் ஊத்துறவங்கள்ட்ட யாரும் கேக்கலீங்கய்யா. போட மாட்டேன்" என்றேன்.