ஆட்டுக்கொட்டாயில் தொங்கிய மூங்கில் கட்டு

கடத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அறுபதுகளின் நடுவில். அந்த வீட்டு ஆட்டுக்கொட்டாய்க் கூரையில் நீட்டிக்கொண்டிருந்த மூங்கில்களின் துளைக்குள் ஒருவகைத் தேனீ போய் வந்துகொண்டிருந்தது. கூட்டமாக அடை கட்டாது. ஒவ்வொன்றும் தனியாக முட்டையிட்டு, ஈர மண்ணால் வாயை அடைத்துவிட்டுப் போகும்.

மாமியாருக்கு அவை குளவி. பந்தத்தைக் கொளுத்தி ஒருநாள் எல்லாத் துளையையும் பொசுக்கிவிட்டார். “அத்தை, இது கொட்டாதுங்க. நம்ம அவரைப் பூவுலதான் ஒக்காருது. வயித்தப் பாருங்க, பூராவும் மஞ்சத்தூளு” என்றேன். “எனக்கே சொல்லிக் குடுக்கறியா?” என்றார்.

விரல் தடிமன் மூங்கிலாகப் பார்த்துச் சாண் நீளத்துக்கு வெட்டி, கயிற்றால் கட்டி, கொட்டாய்ச் சுவரில் வெயில் படும் இடத்தில் தொங்கவிட்டேன். சில நாளில் தேனீக்கள் வந்தன. குளவிக்கு வீடு கட்டும் மருமகள் என்று கிணற்றடியில் பேசிச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மழைக்கு முன்னால் மலேரியாவுக்கு மருந்தடிக்க ஆட்கள் வந்தார்கள். வீடு முடிந்து கொட்டாய்க்கு வந்ததும், பம்பு வைத்திருந்தவர் குழாயை மூங்கில் கட்டின்மேல் திருப்பினார். ஓடிப்போய்க் கட்டைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டேன்.

“அத அங்கயே வையிம்மா. பூச்சி எல்லாம் பூச்சிதான்.”

“கொசுவுக்குத்தானுங்களே மருந்து? இது கொசு இல்லீங்க.”

“அடிங்கய்யா, அவகிட்ட என்ன பேச்சு?” என்று பின்னாலிருந்து மாமியார் கத்தினார்.

“செவுத்துல எவ்ளோ வேணா அடிச்சுக்கங்க. அடுப்படியிலகூட அடிச்சுட்டீங்க, நான் ஒண்ணும் சொல்லல. இதுல மட்டும் அடிக்க வுட மாட்டேன்.”

கட்டுக்குள் இருந்த தேனீக்கள் வெளியே வந்து என் முகத்தைச் சுற்றின. பம்புக்காரர் பின்வாங்கினார். நான் அசையவில்லை. ஒன்றுகூடக் கொட்டவில்லை. அவர் தலையில் அடித்துக்கொண்டு சுவருக்கு மட்டும் அடித்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். “ஊரு வம்பு எதுக்கு? தூக்கிப் போட்டுடு.”

“போட மாட்டேன்.”

அவரிடம் நான் எதிர்த்துச் சொன்ன முதல் பேச்சு அது. அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மாட்டைப் பிடித்துக் கட்டப் போய்விட்டார்.

மூங்கில் கட்டைக் கொண்டுபோய் அவரைப் பந்தல் காலில் கட்டினேன். ஆனால் வெளியே போயிருந்த தேனீக்கள் பழைய சுவரையே தேடி வந்தன. மருந்து பட்டுச் சுவரடியில் செத்துக் கிடந்தன. வயிற்றில் மஞ்சள் தூள் அப்படியே ஒட்டியிருந்தது. அவற்றைக் கூட்டி அள்ளும்போது அழுதேன். அழுதது யாருக்கும் தெரிய வேண்டாம் என்று முகம் கழுவிக்கொண்டுதான் உள்ளே போனேன்.

மண் பூசிய துளைகளுக்குள் குஞ்சுகள் பிழைத்திருக்குமா என்று தெரியவில்லை. தினமும் போய்ப் பார்ப்பேன். மழை பெய்து அவரை பூவெடுத்த சமயத்தில், ஒரு காலை, மண்ணைக் கடித்துத் துளைத்துக்கொண்டு ஒரு சின்னத் தலை வெளியே வந்தது. கொஞ்ச நேரம் வெயிலில் இருந்துவிட்டு நேராகப் பூவுக்குப் போனது. அடுத்தடுத்து மற்றவையும் வந்தன.

அந்த வருசம் பந்தல் தாழ அவரை காய்த்தது. “எருவு போட்டோம், காச்சுது” என்றார் மாமியார். கடைசிவரை அவருக்கு அவை குளவிதான். நானும் சண்டைக்குப் போகவில்லை. புதிதாக இன்னொரு கட்டு செய்து, வருகிறவர் போகிறவர் எல்லோர் கண்ணிலும் படும்படி வாசலுக்கு நேராகத் தொங்கவிட்டேன்.